இன்ஜினுக்கும் எனக்கும் ஒரே குளிர்

ஷாமினி, நேரில் பேச வந்தால் நீ நான் படுத்திருந்த அந்த ஆஸ்பத்திரிக் கட்டிலை இழுத்துக்கொண்டு வந்து நடுவில் போட்டுவிடுகிறாய். எனக்கும் பேச்சு நின்றுபோகிறது. அதனால்தான் எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நீ மெல்பர்னுக்கு வேலைக்குப் போகிறாய். கார் விற்பனைக்கு இல்லை. அதை நான் ஓட்டப்போகிறேன். "காரை வித்தாத்தான் நான் நிம்மதியா போவேன், இல்லாட்டி போகவே மாட்டேன்" என்று நேற்று சாப்பிடும்போது சொன்னாய். அப்பா என் முகத்தைப் பார்த்தார். நான் ரசத்தை ஊற்றிக்கொண்டு பேசாமல் இருந்தேன். ஒப்புக்கொண்டதால் அல்ல. வாயைத் திறந்திருந்தால் நீ சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்திருப்பாய்.

நடந்ததெல்லாம் உனக்குத் தெரியும், ஆனால் உன் பக்கத்திலிருந்துதான் தெரியும். நீ பானெட்டுக்கு முன்னால் குனிந்து நின்றாய், நான் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். இரண்டு இடத்திலிருந்தும் பார்த்தால் ஒரே மாதிரி தெரியாது. நீ பிறந்த பிறகு நான் பள்ளி வேன் ஓட்ட ஆரம்பித்தேன். ஈப்போவின் காலை நெரிசலில், பின்னால் பிள்ளைகள் தூங்கி வழிந்துகொண்டிருக்க, ஒரு தலைகூட முன் சீட்டில் இடிக்காமல் கிளட்சை விட்டுப் பழகியவள் நான். அதைத் திறமை என்று நானும் நினைத்ததில்லை, வேறு யாரும் சொன்னதில்லை. நீ பாலிடெக்னிக்கில் குளிர்சாதனம் படித்துவிட்டு, கமுந்திங்கில் லாரிகளுக்குக் குளிர்பெட்டி செய்யும் தொழிற்சாலையில் சேர்ந்தாய். சனி ஞாயிறுகளில் வீட்டுக்கு வரும்போது அந்தப் பழைய சிவப்புக் காரையும் ஓட்டிக்கொண்டு வந்தாய். அப்பாவின் குஷன் கடைக்குப் பின்னால், கிழிந்த சீட்டுகளுக்கும் பஞ்சு மூட்டைகளுக்கும் நடுவே, நீயும் உன் கூடப் படித்த ஹுவி லிங்கும் அந்தக் காரைப் பிரித்துப் போட்டீர்கள். பழைய ஜப்பான் கார்களைப் பாதியாக வெட்டி விற்கும் ஹாஃப்-கட் கடையிலிருந்து ஒரு சூப்பர்சார்ஜரை நீங்கள் தூக்கிக்கொண்டு வந்த அன்று அப்பா கேட்டார், "இது என்னா, மாவு அரைக்கிற மெஷினா?"

நீ பொறுமையாக விளக்கினாய். இன்ஜினே ஒரு பெல்ட்டால் இதைச் சுற்றும், இது காற்றை நெருக்கி இன்ஜினுக்குள் தள்ளும், காற்று அதிகம் போனால் பெட்ரோலும் அதிகம் எரியும், கார் இழுக்கும். எனக்குப் புரிந்தது. புரியாதது, முதல் ஓட்டத்தில் பாய்ந்த கார் இரண்டாவது ஓட்டத்தில் ஏன் களைத்துப்போனது என்பதுதான். நெருக்கினால் காற்று சூடாகும், சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடுமே, அதுபோல என்றாய். அந்தச் சூட்டைத் தணிக்கத் தண்ணீர் ஓடுகிறது, ஆனால் அந்தத் தண்ணீரை ஆற்றுவது வெளிக்காற்று, நம் ஊர் மத்தியான வெயிலில் அந்த வெளிக்காற்றே கொதிக்கிறது என்றாய். சூடான காற்றோடு வேகமாக ஓடினால் இன்ஜின் கெட்டுவிடும் என்று காரின் கம்ப்யூட்டரே இன்ஜினின் பலத்தைக் குறைத்துவிடுகிறதாம். நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்று, சூடு தாங்காமல் தன்னைத்தானே அடக்கிக்கொள்கிறது என்பது எனக்குப் பிடிக்கவே இல்லை.

நான் ஓட்டுநரானது தற்செயல். சாலையை அடைத்து, இரண்டிரண்டு காராக ஓடவிட்டு, முறையாகப் போட்டி நடத்தும் அஸ்மானின் குழுவில் நீ பெயர் கொடுத்திருந்தாய். சுங்கை சிப்புட் பக்கம், ரப்பர்த் தோட்டத்தை அழித்துப் போட்ட புதுத் தொழிற்பேட்டையின் நேர்ச்சாலைதான் இடம். நான் பிறந்த தோட்டத்து வரிசைவீடு, அந்த லயம், அங்கே எங்கே இருந்தது என்று ஹுவி லிங் கேட்டாள். தெரியாது என்றேன். உண்மையிலேயே தெரியவில்லை, தெரிந்துகொள்ளும் ஆசையும் இல்லை. அங்கே விடியலில் கொசுக்கடியோடு மரம் சீவிய என் அம்மா, நான் அங்கிருந்து வெளியேற வேண்டும் என்றுதான் என்னைப் படிக்க அனுப்பினாள். தார்ச்சாலை நன்றாக இருக்கிறதா என்றுதான் நான் பார்த்தேன். போட்டியன்று காலையில் ஸ்பானர் வழுக்கி உன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. கியர் போட முடியவில்லை. "சும்மா ஒரு தடவை ஓட்டிக் காட்டுங்க மா, காரு எப்படி போகுதுன்னு நான் வெளியில நின்னு பாக்கணும்" என்றாய். அஸ்மான் என் நரைத்த தலையைப் பார்த்துவிட்டு, "ஆன்ட்டி, போலே கா?" என்று கேட்டார். முடியுமா என்று அவர் கேட்டது மரியாதையாகத்தான். முடியும் என்றேன். பச்சை விளக்கு விழுந்தது. வேனில் செய்வதைத்தான் செய்தேன், கொஞ்சம் வேகமாகச் செய்தேன். திரும்பி வந்தபோது நீ வீங்கிய கையை நெஞ்சோடு அணைத்தபடி நின்றாய். "மா, நான் ஓட்டுறத விட நீங்க ஓட்டுறது நல்லா இருக்கு. இனிமே நீங்கதான்" என்றாய். அதைச் சொல்லும்போது உன் முகத்தில் துளி வருத்தம் இல்லை. அதை நான் மறக்கவில்லை.

பிறகுதான் ஏர்கான் யோசனை வந்தது. மற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியில் ஐஸ் கட்டி போட்டுக்கொண்டு வந்தார்கள். வரிசையில் நிற்பதற்குள் பாதி கரைந்துவிடும். நீ ஏர்கானின் குளிரையே அந்தத் தண்ணீருக்குத் திருப்பிவிடப் போவதாகச் சொன்னாய். அப்பா தையல் மெஷினை நிறுத்திவிட்டார்.

"தாப்பாவிலருந்து மலை ஏறும்போது எல்லாரும் என்னா பண்றாங்க? ஏர்கான அடைக்கிறாங்க. ஏன்? காரு இழுக்கணும்னு. நீ என்னாடான்னா இழுக்குறதுக்கு ஏர்கான் போடணும்ங்கிற."

"ஓடுறப்ப போட மாட்டேன்பா. வரிசையில சும்மா நிக்கிறோமே, அப்ப போட்டு தண்ணிய ஜில்லுனு ஆக்கி வச்சுக்குவேன். அம்மா பெடல முழுசா மிதிச்சதும் கம்ப்ரசர் தானா நின்னுரும். இன்ஜின் பலம் அதுக்குப் போகாது. சேர்த்து வச்ச குளிரு அந்த ஓட்டத்துக்குப் போதும்லா."

அப்பா யோசித்தார். "அப்ப கார்ல உட்கார்ந்திருக்கிற ஆளுக்கு?" என்றார். நீ அதற்குள் குழாய்களை அளக்கப் போய்விட்டாய், நான் உன்னோடு டார்ச் பிடிக்க வந்துவிட்டேன்.

முதல் முயற்சி கெட்டுப்போனது. குளிர் மாற்றும் அந்தச் சின்ன அலுமினியப் பெட்டிக்குள் தண்ணீர் உறைந்து, பெட்டி பிளந்து, தண்ணீர் ஏர்கான் குழாய்க்குள் புகுந்து கம்ப்ரசரையும் சேர்த்துக் கெடுத்துவிட்டது. சாலையில் அல்ல, கடை வாசலில், பரிசோதித்துக்கொண்டிருக்கும்போதே. ஹுவி லிங் கேஸ் அடைத்தது சரியில்லையோ என்று தன்மேல் சந்தேகப்பட்டாள். நீ உடனே, "உன் வேலை சரி லா. உறையாம இருக்க மருந்து கலக்காம விட்டது நான்" என்றாய். மெல்பர்னில் உனக்குக் கீழே நாலு பேர் வேலை செய்யும் நாள் வரும். அன்று சொன்னதைப் போலவே அங்கேயும் சொல். தவறு யாருடையது என்று தெரிந்த நொடியில் வெளிப்படையாகச் சொல்லிவிட்டால், மீதி நேரமெல்லாம் வேலைக்குக் கிடைக்கும். அன்று உங்களுக்கு அப்படித்தான் கிடைத்தது. வேறு கம்ப்ரசர் தேடிப் போட்டீர்கள், மருந்து கலந்தீர்கள், தண்ணீர் அளவுக்கு மேல் குளிர்ந்தால் தானாக நிற்கும்படி ஒரு உணர்கருவியும் வைத்தீர்கள். கியருக்குப் பக்கத்தில் எனக்காக ஒரு சுவிட்ச் வைத்தாய். "இந்தப் பக்கம் தள்ளினா குளிரு உங்களுக்கு, அந்தப் பக்கம் தள்ளினா இன்ஜினுக்கு. தஹான் பண்ண முடியலைன்னா, சூடு தாங்கலைன்னா, உடனே மாத்திடுங்க மா" என்றாய்.

அந்தக் குளிர்த் தண்ணீரோடு ஓடிய முதல் போட்டி நாளை நீ எப்படி நினைவு வைத்திருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். நான் நினைவு வைத்திருப்பதைச் சொல்கிறேன். தீப்பிடிக்காத கனத்த உடுப்பு, தலைக்கவசம், மேலே வெயில், கீழே தார். காருக்குள் காற்றே அசையவில்லை. உடுப்புக்குள் வியர்வை ஓடி, பிறகு ஓடுவது நின்றுபோனது. நின்றதும் நல்லது என்று நினைத்தேன், அது கெட்ட அறிகுறி என்று அப்போது எனக்குத் தெரியாது. முன்னால் இருந்த சின்ன மீட்டரில் தண்ணீரின் சூடு இறங்கிக்கொண்டே வந்தது. அதைப் பார்க்கப் பார்க்க எனக்குச் சந்தோஷம். மிதித்தேன். கார் போனது. மறுபடியும் வரிசை, மறுபடியும் மிதித்தேன், அதே வேகம். கார் களைக்கவே இல்லை ஷாமினி. கடைசி ஓட்டத்தில் கோட்டைத் தாண்டி, பிரேக் பிடித்து, ஓரமாக நிறுத்தினேன். அதுவரை எல்லாம் சரி. அப்புறம் கதவைத் திறக்கக் கைப்பிடி எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. தேடினேன். வேன் கதவைத் தேடினேன் என்று நினைக்கிறேன். நீ ஓடி வந்து கண்ணாடியைத் தட்டியது தெரிந்தது, நீ யார் என்று தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் கண் தெளிந்தபோது நீ பக்கத்தில் நின்றாய். அப்பா உன் பின்னால், சுவரில் சாய்ந்து.

"ஏன் மா சுவிட்ச மாத்தல?"

"தண்ணி நீ சொன்ன அளவுக்கு இன்னும் வரல."

"நான் சொன்னது தண்ணிக்கு மா. உங்களுக்கு எவ்வளவுன்னு யாரு சொன்னா?"

நீ வெளியே போய் அழுதாய். மறுநாள் நான் வீட்டுக்கு வந்தபோது குழாய்களை எல்லாம் கழற்றிக் கடை வாசலில் போட்டிருந்தாய். நான் மறுபடியும் மாட்டு என்றேன். நீ மாட்ட மாட்டேன் என்றாய். "உங்கள வச்சு சோதனை பண்ண எனக்கு மனசு வரல" என்றாய். வீட்டில் அதற்குமுன் அப்படிச் சத்தம் போட்டுப் பேசியதில்லை. பக்கத்து வீட்டு அக்கா சீனி வாங்க வந்தவர் வாங்காமலே போனார்.

முடித்து வைத்தது அப்பா. கார் வேண்டாம், போட்டி வேண்டாம் என்று ஆரம்பத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தவர், அதையே சொல்லி முடித்து வைப்பார் என்றுதான் நீயும் நானும் எதிர்பார்த்தோம். அவர் கழற்றிப் போட்ட குழாய்களுக்கு முன்னால் குந்தி உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். பிறகு உன்னைக் கூப்பிட்டார்.

"பாப்பா, அந்தத் தண்ணிய கொஞ்சம் உங்கம்மா மேலயும் ஓட விட முடியுமா?"

"எப்படிப்பா?"

"மெல்லிசு ட்யூப் இருந்தா குடு. ஒரு பனியன்ல வளைச்சு வளைச்சு தைக்கிறேன். நெஞ்சுக்கும் முதுகுக்கும். சீட்டுல தைச்சா முதுகுக்கு மட்டும்தான் கெடைக்கும், பத்தாது."

"அது மாதிரி சட்டை வெளியூர்ல ரேஸ் ஓட்டுறவங்க போடுறாங்கப்பா."

"அவங்க போடட்டும். இவளுக்கு நான் தைக்கிறேன். நிறுத்துன்னு சொன்னா இவ நிறுத்தவா போறா?"

நிறுத்தவா போறா என்று அவர் சொன்னதில் குறை இருந்ததா பெருமை இருந்ததா என்று நான் இன்னும் கேட்கவில்லை. நீ அவர் பக்கத்தில் உட்கார்ந்தாய். தொட்டித் தண்ணீர் அப்படியே உடம்பில் பட்டால் விறைத்துவிடும், அதில் மருந்து வேறு கலந்திருக்கிறது, ட்யூப் விட்டுப்போனால் ஆபத்து என்று யோசித்தாய். தொட்டிக்குள் ஒரு சுருள் குழாயை இறக்கி, அதில் தனியாக நல்ல தண்ணீரை ஓட விட்டு, அதை அப்பாவின் பனியனுக்கு இணைத்தாய். குளிரை நானே கூட்டிக் குறைக்க ஒரு திருகு. அப்பா மூன்று பனியன்களைக் கெடுத்த பிறகு நாலாவது சரியாக வந்தது. ஊசி ட்யூபில் பட்டுவிடக்கூடாது என்று மெஷினை விட்டுவிட்டுக் கையால் தைத்தார். அதைப் போட்டுக்கொண்டு கடை வாசலில் வெயிலில் நான் உட்கார்ந்தபோது, மார்பில் முதல் குளிர் ஓடியதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்பாவும் சிரித்தார். நீ மட்டும் என் நாடியைப் பிடித்துக்கொண்டு மீட்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாய்.

டாக்டரிடமும் போனோம். அவர் என்ன சொன்னார் என்று உனக்கும் தெரியும், பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தாய். இதயம் நன்றாக இருக்கிறது, உடம்பு சூடேறாமல் பார்த்துக்கொண்டு, தண்ணீர் குடித்து, மயக்கம் வருவதற்கு முன்னாலேயே நிறுத்தத் தெரிந்தால் ஓட்டலாம் என்றார். ஓட்டக்கூடாது என்று அவர் சொல்லவில்லை. நீ மட்டும்தான் சொல்கிறாய்.

அடுத்த போட்டியில் நடந்ததை நீ இப்போதெல்லாம் பேசுவதே இல்லை, அதனால் நான் எழுதி வைக்கிறேன். அரை இறுதிக்கு நான் கோட்டில் நிற்கும்போது, முன்னால் ஓடிய கார் சாலையில் எண்ணெயைக் கொட்டிவிட்டது. மணல் போட்டுத் துடைக்கும்வரை எல்லோரும் வெயிலில் நின்றோம். எனக்குப் பக்கத்துத் தடத்தில் பாகான் செராய்க்காரத் தம்பி. நல்ல பிள்ளை, அவனுடைய கார் நம்முடையதைவிடப் பலமானது. ஐஸ் பெட்டியைத் திறந்து திறந்து பார்த்தான். கரைந்துகொண்டிருந்தது. கூட்டாளிகள் வேறு ஐஸ் தேடி ஓடினார்கள், கிடைக்கவில்லை. நம் கம்ப்ரசர் முனகிக்கொண்டே இருந்தது, தண்ணீர் குளிர்ந்துகொண்டே இருந்தது, என் முதுகிலும் அதே குளிர். அவன் என்னைப் பார்த்து, "அக்கா, ஒங்களுக்கு வேர்க்கவே இல்லையா?" என்றான். "எங்க வீட்டுக்காரரு தைச்சுக் குடுத்தாரு" என்றேன். அவனுக்கு ஒன்றும் புரிந்திருக்காது. விளக்கு விழுந்தது. பாதி தூரத்தில் அவன் கார் தளர்ந்தது எனக்குப் பக்கவாட்டில் தெரிந்தது. நம்முடையது தளரவில்லை. இறுதியில் கமுந்திங்காரரின் பெரிய இன்ஜினிடம் ஒரு கார் நீளம்கூட இல்லாத வித்தியாசத்தில் தோற்றேன். நீ வந்து கட்டிப்பிடித்து, "போதும் மா, இதுவே பெருசு" என்றாய். எனக்குப் போதவில்லை. இன்றைக்கும் போதவில்லை. அந்தப் பெரிய இன்ஜினை நான் ஜெயிக்க வேண்டும்.

அதற்கப்புறம் உனக்கு அந்த வேலை வந்தது. பழங்களையும் மருந்துகளையும் ஏற்றிப் பாலைவன வெயிலில் போகும் லாரிகளுக்குக் குளிர்சாதனம் வடிவமைக்கும் வேலை. நேர்முகத்தில் நீ நம் காரைப் பற்றித்தான் நெடுநேரம் பேசினாய் என்று சொன்னாய். அப்படியிருக்க, அந்தக் காரை விற்றுவிட்டுப் போக வேண்டும் என்கிறாய். நீ இல்லாத இடத்தில் எனக்கு ஏதாவது ஆகிவிடும் என்ற பயம். பயம் நியாயம்தான். ஆனால் அந்தப் பயத்துக்காக நான் வீட்டில் உட்கார்ந்தால், நீ மெல்பர்னில் எத்தனை வருஷம் இருக்கிறாயோ அத்தனை வருஷமும் உட்கார்ந்துதான் இருப்பேன். நான் அறுபதை நெருங்குகிறேன். உட்கார்ந்து பழக எனக்கு இன்னும் நேரம் வரவில்லை.

ஏற்பாடுகளைச் சொல்கிறேன். ஒவ்வொரு போட்டிக்கும் முன்னால் கேஸையும் குழாய்களையும் ஹுவி லிங் பார்ப்பாள். பேசிவிட்டேன், சம்மதித்துவிட்டாள். பனியனும் பம்ப்பும் அப்பா பொறுப்பு. வரிசையில் அவர் என் ஜன்னலோரம் நிற்பார். என் பேச்சு குழறினாலோ, கேட்ட கேள்விக்குப் பதில் தாமதமானாலோ கையைத் தூக்குவார். தூக்கினால் நான் இறங்கிவிடுவேன். ஏன் எதற்கு என்று கேட்க மாட்டேன். பச்சை விளக்குக்கு என் கால் தாமதமாகிறது என்று தெரியும் நாளில் சாவியை ஹுவி லிங்கிடம் கொடுப்பேன். அந்த நாளை நான் முடிவு செய்வேன், நீ போனில் முடிவு செய்யக்கூடாது.

உனக்கும் ஒன்று. புது ஊர், புது ஆட்கள், உன் இங்கிலீஷைக் கேட்டு ஒரு மாதிரி பார்ப்பவர்களும் இருப்பார்கள். நல்ல பெயர் வாங்க வேண்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதே. தாங்க முடியவில்லை என்றால் தாங்க முடியவில்லை என்று சொல். அதைச் சொல்லாமல் நான் எங்கே போய்ப் படுத்தேன் என்று உனக்குத் தெரியும். சொன்ன பிறகும் அதே வேலையை வேறு மாதிரி செய்ய வழி இருக்கும். நமக்கு இருந்தது.

அஸ்மானிடம் அடுத்த போட்டிக்குப் பெயர் கொடுத்துவிட்டேன். நீ போன அடுத்த வாரம். கார் வாங்க வருவதாக நீ சொன்ன மெங்லெம்பு ஆளுக்கு இன்று மாலைக்குள் நீயே போன் போட்டு இல்லை என்று சொல்லிவிடு. நான் சொன்னால் அவர் ஏதாவது பேசுவார், நானும் பேசிவிடுவேன்.

விமான நிலையத்தில் நான் அழுவேன். அப்பா என்னைவிட அதிகமாக அழுவார். அதைப் பார்த்து நீ திரும்பி வந்துவிடாதே, உள்ளே போ. நாங்கள் அழுது முடித்துவிட்டு, ஒரு தேத்தண்ணி குடித்துவிட்டு, காருக்குப் போவோம். அங்கிருந்து ஈப்போ வரைக்கும் நான்தான் ஓட்டுவேன்.

அம்மா